வீட்டம்மா வெளியே போயிருக்காங்க

லிஃப்ட்காரருக்கு அவருடைய அக்கா விட்டுப்போனது ஒரு வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு இடம். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை, வீட்டுக்காரர் முன்பே போய்விட்டார். தம்பியை விட்டால் ஆள் கிடையாது. தம்பிக்கோ அந்த அக்காவை விட்டால் ஆள் கிடையாது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று சொல்லியே தலை நரைத்துப்போன ஆசாமி அவர்.

பெரிய கட்டடம் ஒன்றில் அவருக்கு லிஃப்ட் இயக்கும் வேலை. தங்குவதற்கு மொட்டை மாடியில், மோட்டார் உறுமுகிற அறைக்குப் பக்கத்திலேயே ஓர் ஒற்றை அறை. லிஃப்டில் ஏறுகிறவர்கள் எந்த மாடி என்று சொல்வார்கள், அதற்குமேல் ஒரு வார்த்தை இருக்காது. அவர் முகத்தைப் பார்ப்பதைவிட, மேலே மாறுகிற எண்களைப் பார்ப்பது அவர்களுக்கு முக்கியம். நாளெல்லாம் ஆள்மேல் ஆள் இடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் ஒருவர் தனியாக இருக்க முடியும் என்றால் நம்புவீர்களா? அவர் முப்பது வருஷம் இருந்தார்.

இந்த மாதக் கடைசியோடு ஓய்வு. வேலையோடு அறையும் போகிறது. அக்கா வீட்டிலேயே போய் இருந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். போய்ப் படுத்தும் பார்த்தார். மோட்டார் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவருக்கு அந்த அமைதி காதை அடைத்தது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக ஒரு காரணமும் இல்லை. ஒற்றை அறையில் தாங்க முடிந்த தனிமையை ஒரு முழு வீட்டில் தாங்க முடியவில்லை. விற்றுவிட்டு, வயதானவர்கள் சேர்ந்து இருக்கும் விடுதியில் போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவெடுத்தார். அங்கே பக்கத்துக் கட்டிலில் யாராவது இருமவாவது செய்வார்கள்.

தரகர் வந்தார். பேச்சில் கெட்டிக்காரர். செத்தவர் வீடு, பூட்டிக் கிடக்கிற வீடு என்று தெரிந்தால் எவனும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான் என்றார். குடியிருக்கிற மாதிரி இருங்கள், விளக்கைப் போடுங்கள், கொடியில் நாலு துணி தொங்கட்டும், வருகிறவர்களுக்கு டீ கொடுங்கள் என்று பாடம் எடுத்துவிட்டுப் போனார்.

லிஃப்ட்காரர் சொன்னபடி செய்தார். முதலில் வந்த ஒருவர் சின்ன அறையை எட்டிப் பார்த்து, இது யாருடைய அறை என்று போகிற போக்கில்தான் கேட்டார்.

“என் பொண்ணு ரூம்.”

சொன்னவருக்கே தூக்கிவாரிப்போட்டது. கேட்டவரோ தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? மகள் வெளியூரில் வேலைக்குப் போனாள். அடுத்த வாரம் வந்தவர்களுக்கு ஒரு மனைவியும் முளைத்தாள். எங்கே அவர் என்று கேட்டால், வெளியே போயிருக்கிறாள். சமையலறை ஜன்னலைப் பெரிதாக்கச் சொல்லி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள் அவள்தான். தூசி என்றால் அவளுக்கு ஆகாது. செருப்போடு உள்ளே வந்தால் தொலைந்தோம். வாயைத் திறக்காத மனிதர், இல்லாத பெண்டாட்டியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வதைப் பார்க்க வேண்டுமே, முகமெல்லாம் பூரிப்பு! தரகர் காதிலும் விழுந்தது. வியாபாரத்துக்கு நல்லதுதானே என்று அவர் கண்டுகொள்ளவில்லை.

வீடு விற்றால் அம்மாவும் பெண்ணும் அதோடு போய்விடுவார்கள் என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். விற்காவிட்டால் அந்த அமைதியில்தான் மிச்சக் காலம். வருகிறவர்கள் வாங்க வேண்டும் என்றும், இன்னும் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும் என்றும் ஒரே மனசு இரண்டையும் கேட்டது.

வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்களில் ஒரு டீச்சரும் அவர் கணவரும் இரண்டாம் முறை வந்தார்கள். கணவருக்குப் பிடித்துவிட்டது. விலையும் ஒத்துவந்தது. டீச்சர்தான் பிடி கொடுக்கவில்லை.

“இந்த வீட்ல புழங்குன பொம்பளைகிட்ட ஒரு வார்த்தை கேக்காம நான் முடிக்க மாட்டேண்ணா. தண்ணி எப்படி, மழைன்னா எங்க ஒழுகும், அதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க, நானே பேசிக்கறேன்.”

லிஃப்ட்காரர் திருதிருவென்று முழித்தார். என்னிடமும் நம்பர் இருக்கிறது, நானே போடுகிறேன் என்று சொல்லித் தரகர் போனோடு பின்பக்கம் நழுவினார். லிஃப்ட்காரர் பின்னாலேயே ஓடி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கெஞ்சினார். தரகர் கேட்டால்தானே. தன் சொந்த மனைவியைக் கூப்பிட்டு, ஒரு டீச்சர் பேசுவார், நீதான் இந்த வீட்டுக்காரம்மா, தண்ணீருக்குக் குறைவில்லை, எங்கேயும் ஒழுகாது என்று கடகடவென்று சொல்லிக்கொடுத்தார். ஒழுகாது என்பது நிஜம்தான், அதில் பொய் இல்லை.

திரும்பி வந்து தரகர் நீட்டிய போனை, கணவருக்கும் கேட்கட்டும் என்று டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார். பாத்திரங்கள் உரசும் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல் வந்தது. கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னது. கடைசியில் கேட்காத ஒன்றையும் சொன்னது.

“அவர் சாப்பிட்டாராம்மா? மணி ஆயிடுச்சு. ஒருத்தர் சொன்னாதான் சாப்பிடவே உக்காருவார்.”

யாரை நினைத்து அந்த அம்மாள் சொன்னார் என்று தரகருக்குத் தெரியும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா போன பிறகு லிஃப்ட்காரரைப் பற்றி யாரும் இப்படி விசாரித்ததில்லை.

“அக்கா கேக்கறாங்க பாருங்க,” என்றார் டீச்சர்.

“சாப்பிட்டேன்னு சொல்லுங்க.”

“பொய் சொல்றாருக்கா. முகத்தைப் பார்த்தாலே தெரியுது,” என்று டீச்சர் போனைப் பார்த்துச் சிரித்தார். கணவரைத் திரும்பிப் பார்த்தார், அவரும் தலையசைத்தார். “வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்குக்கா. நாங்களே வாங்கிக்கறோம்.”

பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, நல்ல சேதியை நீங்களே சொல்லுங்கள் என்று போனை லிஃப்ட்காரரிடம் நீட்டினார்.

வாங்கிக் காதில் வைத்தார். பெண்டாட்டியோடு பேசுவது எப்படி என்று அவர் எங்கே கண்டார்!

“ம். சொல்லு,” என்றார்.

மறுமுனையில் குரல் தணிந்தது. “நான் சரியாப் பேசினேனா அண்ணா?”

டீச்சர் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது,” என்றார். “நீ சாப்பிடு. எனக்காகக் காத்துட்டு இருக்காதே.”