பந்துக்காரனுக்குக் கண்ணாடிச் சட்டை

துஷாந்த் எனக்குத் தரவேண்டியிருந்தது நாலாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். பதின்மூன்று நாள் வேலை, நாளுக்கு முந்நூற்றைம்பது, கை கழுவச் சவுக்காரத்துக்கு நூறு. ஹல்துமுல்லையில் அவன் வாங்கிய பழைய வீட்டின் கக்கூஸ் குழி நிரம்பி முற்றத்தில் வழிந்தது. அதை வாளியால் இறைத்துப் பின்மேட்டில் கொட்டி, பக்கத்தில் புதுக்குழி வெட்டிக் கல் கட்டிக் கொடுத்தேன். சவுக்காரம் தீர்ந்த பிறகும் ஒரு வாரம் சோற்றைக் கையால் பிசைய முடியவில்லை. என் பெண்சாதி கலாராணிதான் கரண்டி எடுத்துக் கொடுத்தாள்.

துஷாந்த் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். கூலியாட்கள் குடியிருக்கும் எங்கள் லயத்து வரிசையில் மூன்றாம் காம்பராவில் பிறந்தவன். சின்னப் பிள்ளையில் என்னை மாமா என்பான். ஆபீஸ் கதிரையில் உட்கார்ந்த மாதமே நான் வீரய்யா ஆனேன், அவன் ஐயா ஆனான்.

அந்தக் காசில் கூரைக்குத் தகரம் போடுவதாக இருந்தேன். இரண்டாயிரத்து நாலாம் வருஷம், ஐப்பசி மழை வர இரண்டு மாதம் இருந்தது. மூன்றாம் தடவை கேட்டபோது ஒரு பிஸ்கட் தகரப் பேணியை மேசைமேல் தள்ளினான்.

"இப்ப காசில்ல வீரய்யா. தர்ற வரைக்கும் இது ஈடா இருக்கட்டும். தொரையோட பெரிய பங்களாவில கெடந்தது. வெள்ளக்காரன் காலத்துல சிகரட் பெட்டிக்குள்ள வந்த புட்போல் பந்துக்காரங்க படம்."

"எனக்குத் தகரம் வாங்கணுங்க ஐயா."

"இதுவும் தகரந்தானே!" பேணியைத் தட்டிச் சிரித்தான். என் கை பட்டுவிடக் கூடாது என்று விரல் நுனியால் தள்ளினானே, அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் வீட்டுக் கழிவுதான் இந்தக் கையில் நாறியது.

பேணியைத் திறந்தால் பூஞ்சண நாற்றம். இருபத்தெட்டு அட்டை. கட்டம் போட்ட சட்டை, முழங்கால் வரை காற்சட்டை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பது போல முறைத்துக்கொண்டு ஆட்கள். தமிழையே நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான், அந்த இங்கிலீஷ் பேர்கள் எங்கே விளங்கப் போகுது? முகத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் வைத்தேன். பங்களா ஸ்டோரைக் கூட்டப் போனபோது எலிப் புழுக்கைக்குள் இன்னும் மூன்று பேர் கிடைத்தார்கள். துடைத்துச் சேர்த்தேன். முப்பத்தொன்று.

பழைய தேயிலைப் பெட்டியில் உரித்த ஈயத்தாளில் சுற்றி அடுப்புக்கு மேலே வைத்தேன். ஆனாலும் கூரை ஒழுகியது. மஞ்சள் சட்டைக்காரன் மூக்கில் பூச்சி அரித்திருந்தது. அடுத்தவன் பொருள், ஈடாக வாங்கியது. கெட்டால் நமக்குத்தான் கெட்ட பேர். எங்கள் பிரஜாவுரிமைக் கடுதாசி ஞாபகத்துக்கு வந்தது. அப்புத்தளையில் லெமினேட் செய்து வைத்த அதன்மேல் பத்து வருஷமாக ஒரு சொட்டு ஈரம் ஏறவில்லை. காப்பதென்றால் எங்களுக்குத் தெரிந்தது அதுதான். அதே கடைக்குப் போனேன். ஒன்றுக்கு இருபது ரூபாய்.

"அறுநூத்திருவதா?" கலாராணி தலையில் அடித்துக்கொண்டாள். "தலைக்கு மேல ஒழுகுது, இவரு பந்துக்காரனுக்குக் கண்ணாடிச் சட்டை தைக்கிறாரு!"

மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்து வாசலில் குரல் கேட்டது. "மாமா! மாமா இருக்கீங்களா?"

துஷாந்த். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பதுளையில் பழைய சாமான் வாங்கும் பாறூக் நானா, பங்களாக் கட்டில்களைப் பார்க்க வந்திருக்கிறாராம். இந்த மாதிரிப் படம் ஒன்றுக்கு முந்நூறு தருவாராம்.

"மொதல்ல என் காசு" என்றேன்.

"என்ன மாமா, நமக்குள்ள போய்..." என்றபடி எண்ணிக் கொடுத்தான். நானும் ஒரு தடவை எண்ணிவிட்டுப் படக் கட்டைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவன் முகம் மலர்ந்தது. "அடேயப்பா, பளபளன்னு வச்சிருக்கீங்க!" கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

ரோட்டில் வேனுக்குள் இருந்த பாறூக் நானா ஒன்றை எடுத்தார், திருப்பினார், மடியில் போட்டார்.

"யா அல்லாஹ்! ஆரு இதப் பிளாஸ்டிக்குல போட்டுச் சுட்டது? உரிச்சா படமும் சேந்து உரியும். சேக்கிறவன் அட்டையத் தொட்டுப் பாக்கத்தான் காசு தாறான். இது இனி சும்மாக்கும் வேணாம், மகன்."

என் கையாலேயே முப்பத்தொரு பேரையும் மூச்சு முட்ட வைத்திருக்கிறேன்.

துஷாந்த் என் பக்கம் திரும்பினான். "டேய் வீரய்யா! என் சாமானை நாசமாக்கிட்டியே. எடு காசை!"

மாமா போய் வீரய்யா வந்துவிட்டான். லயத்து வாசலிலிருந்து ரோட்டுக்கு வந்த நேரத்துக்குள்.

"தர்றேன்" என்றேன். "பதின்மூணு நாள் ஒங்க வீட்டுல இறைச்சது மேட்டுலதான் கெடக்கு. வாளியில அள்ளியாந்து முத்தத்துலயே ஊத்திட்டு, காசத் தர்றேன். எப்ப வரட்டும், ஐயா?"

பாறூக் நானா இருமுவது போலச் சிரித்தார். துஷாந்த் படக் கட்டை ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் வீசிவிட்டு நடந்தான்.

இறங்கிப் பொறுக்கினேன். கான் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அதைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

தகரம் வாங்கிப் போட்டாயிற்று, கடன் தீர்ந்தது. வாசலில் மாமா என்று கேட்டபோது ஒரு நிமிஷம் எனக்கு மனம் குளிர்ந்ததே, அதை நினைத்தால்தான் இன்னும் எழுந்துபோய்ச் சவுக்காரம் போட வேண்டும் போலிருக்கிறது.