ஒன்பது நாள் சட்டை

கொரோனாவில் விமானங்கள் நின்றுபோய், படிக்கப் போன ஜாபிர் கனடாவில் ஒரு வாடகை அறைக்குள் மாட்டிக்கொண்டான். பாபநாசத்திலிருந்து அம்மா ரஹ்மத் பீவி தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். "நல்லா இருக்கேம்மா, படிப்பு ஓடுது" என்பான். அம்மா நம்பினாள். தங்கை ஷிஃபா நம்பவில்லை.

தினம் ஒன்றாக எடுத்து வைத்த ஒன்பது ஸ்கிரீன்ஷாட்டுகளை அவனுக்கு அனுப்பிவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக அழைத்தாள்.

"அண்ணே, எல்லாத்துலயும் அதே நீலச் சட்டை, அதே குழம்புக் கறை. சட்டைக்கும் உனக்கும் நிக்காஹ் ஆயிடுச்சா?"

ஜாபிர் சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையானது. "நேர்ல ஒரு ஆள்கிட்ட பேசி இருபது நாளாச்சு ஷிஃபா. எந்திரிக்கவே பிடிக்கல."

வாயாடி ஷிஃபா கேலியை அதோடு நிறுத்திக்கொண்டாள். "முதல்ல குளிச்சிட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்" என்றாள்.

ஈரத் தலையோடு வந்தவனை விடாமல், பல்கலைக்கழக மனநல ஆலோசகருக்கு மெயில் எழுத வைத்தாள். அதிலிருந்த எழுத்துப் பிழைகளையும் கேலி செய்தாள்.

மறுவாரம் அவனே கூப்பிட்டான். "வீட்டுல மனசு விட்டுப் பேச யாரு இருக்காங்கன்னு அந்த மேடம் கேட்டாங்க. ஒரு தங்கச்சி இருக்கா, வாய்தான் கொஞ்சம் நீளம்னு சொன்னேன்."

"கொஞ்சமா?" என்றாள் ஷிஃபா, பெருமையாக.