ஓட மறுத்த நெஞ்சு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

பஸ் டிரைவர் ஒருவருக்கு நெஞ்சு திடீர் திடீரென்று தறிகெட்டு ஓடும். யாரோ டிப்போவில் வத்தி வைத்துவிட, ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தப் புண்ணியவானைத் தேடி அவரோடு சேர்ந்து அலைந்தவன் அவர் மனைவியின் தம்பி. அதே பஸ்ஸில் கண்டக்டர். நெஞ்சு சரியானால்தான் மறுபடி வண்டி.

ஆஸ்பத்திரி மேசையில் படுக்கவைத்து, தொடை வழியாக இதயத்தின் மேலறைக்கு மெல்லிய கம்பிகளை ஏற்றினார்கள். அது ஓடும்போதுதான் எந்த வழியில் சுற்றுகிறது என்று பிடிக்க முடியும். டாக்டர் கம்பியால் எவ்வளவு தட்டி உசுப்பியும், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நெஞ்சு அடக்கமாக நடந்தது.

"என்னங்க, வீட்ல புலி, இங்க பூனையா?"

"இதுவும் என்னைக் காட்டிக் குடுக்குது சார்," என்றார் டிரைவர்.

டாக்டர் கண்ணாடிக்கு அப்பாலிருந்த அறைக்குப் போய் மச்சானை வரவழைத்து, எப்போதெல்லாம் ஓடும் என்று விசாரித்தார்.

"பிரேக் போட்டாலே ஓடும் சார். பயந்துபோய்த்தான் டிப்போல நானே சொன்னேன். மாமா காதுக்குப் போக வேணாம்."

மேசையில் கிடப்பவரோடு பேச அந்த அறையில் வைத்திருந்த மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை.

நெஞ்சு பிய்த்துக்கொண்டு ஓடியது. "வந்துடுச்சு சார்," என்று நர்ஸ் பூரித்துப் போனார். டாக்டர் ஓடிவந்தார். மரத்தைச் சுற்றி ஓடுகிறவனைப் பிடிக்கிற வித்தைதான் அது. அவனைவிடக் கொஞ்சம் வேகமாக விரட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்த வேண்டும். ஒரு சுற்றுக்கு ஆகிற நேரத்திலேயே நம்மிடம் வந்து மோதினால், அவன் பாதையிலேயே நிற்கிறோம். தாமதித்தால் தள்ளி நிற்கிறோம். கம்பியை நகர்த்தி நகர்த்திப் பாதையைக் கண்டு, அந்த இடத்தைச் சுட்டார். நெஞ்சு அடங்கியது.

மறுபடி கிளப்பிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். "தம்பி, அதையே இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் டாக்டர்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். "டிப்போல... நான்தான் சொன்னேன்."

திரையில் ஒரு கோடும் பிசகவில்லை.

"இனி தாராளமா பஸ் ஓட்டலாம்."

"வேற கண்டக்டர் போடுவாங்களா சார்?" என்றார் டிரைவர். அவர் கண் நனைந்திருந்தது. கண்ணில்தான் யாரும் கம்பி மாட்டவில்லையே.

வார்டில் மச்சான் நீட்டிய தண்ணீரை அவர் வாங்கவில்லை. "என்ன மாமா, ஒரு வார்த்தை பேசுங்க." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்றுவரை இருவருக்கும் பேச்சில்லை.

அன்று கம்பியை ஏற்றுமுன்பே டிரைவருக்கு முழு மயக்கம் கொடுத்திருந்தார்கள்; அவர் கண் விழித்தது வார்டில்தான். என் நாக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.