வாரண்டு இல்லை, வாரண்டி

1.

இந்தக் கதை எனக்குத் தூக்கத்தில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தகராறு வேண்டாம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு மின்சாரப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். (எங்கள் தடத்தில் அப்படி ஒன்று ஓடுகிறதா என்று தேடாதீர்கள். கதையில் ஓடுகிறது.) பழைய வண்டி என்றால் ஒவ்வொரு கியருக்கும் கடைவாய்ப் பல் ஆடும். இதில் சத்தமே இல்லை. மதிய வெயிலில் கரும்புத் தோட்டங்கள் மிதந்து போயின. உள்ளே எல்லோரும் சொக்கிப்போயிருந்தார்கள், நானும்தான். அப்போது முன் இருக்கையில் ஒரு தாய் மகளிடம் சொன்னாள்:

"அந்தப் புள்ள மேல வாரண்டு கீதாம்டி. பன்னெண்டு வருசத்துக்கு."

தூக்கம் கலைந்தது. முழுதாகக் கலையவில்லை. கதை எழுத எவ்வளவு தேவையோ அவ்வளவு கலைந்தது.

2.

முதல் தொடக்கம்: விக்கிரவாண்டி சுங்கச்சாவடியை அந்தக் குற்றவாளி கடந்தபோது, போலீசார்

வேண்டாம். எனக்குப் போலீஸ் கதை வராது. என் போலீஸ்காரர்கள் சீக்கிரம் அழுதுவிடுவார்கள்.

இரண்டாவது: பெருமுக்கல் மலைமேல் மாலைச் சூரியன்

பெருமுக்கல் இந்தத் தடத்திலேயே இல்லை. நேரமும் மாலை இல்லை. நல்லவேளை, மகள் வாய்விட்டுச் சிரித்து என்னைக் காப்பாற்றினாள்.

"ஐயோ அம்மா, வாரண்டு இல்ல, வாரண்டி! நம்ம மிக்சிக்குக் குடுத்தாங்களே, அது."

நடந்தது இதுதான். மகள் அன்புச்செல்வி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். தாய் ஜெயம், கண்ணைக் காட்ட அவளோடு போகிறாள். அன்புச்செல்வியைப் பெண் கேட்டு வந்தவன் சேரன். இதே பேருந்துகளின் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி ஆள், ஒப்பந்த வேலை. "வேலை நெலையாப்பா?" என்று ஜெயம் கேட்டிருக்கிறாள். அவன் பதற்றத்தில், "பன்னெண்டு வருசம் வாரண்டி கீதும்மா, அதுவரைக்கும் கவலையில்ல" என்றிருக்கிறான். பேட்டரிக்கு என்று சொல்ல மறந்துவிட்டான்.

3.

அன்புச்செல்வி விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இவள் இவ்வளவு சிரிப்பவளா? ஏற்கெனவே ஒருமுறை கட்டிக்கொடுத்து, அடுத்த ஈஸ்டருக்குள் தாய்வீடு திரும்பியவள். அந்த மாப்பிள்ளைக்கு அரசு வேலை, நிரந்தரம். ஆள்தான் நிரந்தரமாக இல்லை. முதல் வரைவில் அவளை ஜன்னலோரம் அழவைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். அவள் பாட்டுக்கு அவித்த மல்லாட்டை தின்றுகொண்டிருந்தாள். புது பஸ் குப்பையாகக் கூடாது என்று கடலைத் தோலை மடியிலேயே சேர்த்துக்கொண்டாள். அப்படிப்பட்டவளை அழவைக்க நான் யார்?

ஆனால் சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்: "இன்னொரு தபா ஏமாற என்னால முடியாதும்மா." இது என் வரி அல்ல, காதில் விழுந்தது.

4.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.)

நம் வீடுகளில் வாரண்டி அட்டை சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும். மிக்சி கெட்ட அன்று வெளியே வரும். கடைக்காரர் சீல் வைக்கவில்லை என்பது அன்றுதான் தெரியும். ஓர் ஊர் பேருந்து வாங்குவது அப்படியல்ல. மின்சார வண்டிக்கு உயிரே பேட்டரிதான். வருடம் ஏற ஏற அது களைத்துப்போகும். விழுப்புரம் வரை போய்த் திரும்பிய வண்டி பாதி வழியிலேயே மூச்சு வாங்கும். அன்று யாரைக் கூப்பிடுவது? ஒரு வருடம் பொறுப்பேற்பவன் விற்றுவிட்டுப் போகிறவன். பன்னிரண்டு வருடம் என்பவன் கூடவே வருவதாகச் சொல்கிறவன். அதை நம்பித்தான் ஊர் நிம்மதியாக ஏறி உட்கார்ந்து தூங்குகிறது. நீண்ட வாரண்டி என்பது

இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். எழுத எழுத ஒரு பேருந்தைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது.

5.

விக்கிரவாண்டி தாண்டி வண்டி நின்றது. நின்றதே யாருக்கும் தெரியவில்லை. சத்தம் இருந்தால்தானே அடங்குவதற்கு? ஒரு புளியமரம் ஜன்னலை விட்டு நகராமல் இருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுநர் சக்கரபாணி திரும்பிப் பார்த்து, "வண்டி நின்னு போச்சுங்க. ஆள் வந்துக்கினு கீறாரு" என்றார்.

வந்தவன் சேரன். (தற்செயல் இல்லை, அவன் வேலையே அது. கொஞ்சம் நானும் இழுத்தேன்.) பின்பக்க மூடியைத் திறந்து கையை விட்டான். ஜெயம் இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்றாள். பின்னாலேயே அன்புச்செல்வி.

"இன்னாப்பா, பன்னெண்டு வருசம்னியே? இப்பவே நின்னுக்கினு கீதே?"

"நிக்கவே நிக்காதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்கம்மா. நின்னா நாங்க வருவோம்னு சொல்றதுதான் வாரண்டி."

ஜெயம் மகளைப் பார்த்தாள். மகள் அவனைப் பார்த்துக் கேட்டாள்:

"அந்தப் பன்னெண்டு வருசம் முடிஞ்சா இன்னாங்க பண்ணுவீங்க?"

6.

இங்கே மாட்டிக்கொண்டேன். ஒரு வரைவில் சேரன், அவள் பேட்டரியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "பழச கடாசிட்டு புதுசு போட்ருவோங்க" என்கிறான். தாயும் மகளும் வேறு பஸ் பிடிக்கிறார்கள். எனக்குப் பிடித்த முடிவுதான், அவன் பாவம். இன்னொன்றில், "அப்பவும் நானே வருவேங்க" என்கிறான், வண்டி கிளம்புகிறது, எல்லோரும் கைதட்ட

கூச்சமாக இருந்தது, நிறுத்திவிட்டேன். விழுப்புரத்தில் கண் விழிக்கிறேன், முன் இருக்கை காலி என்று எழுதலாம். எழுத்தாளர்கள் நழுவும் வழி அது.

வழியெல்லாம் ஜெயம் புலம்பிக்கொண்டு வந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் கல்யாணத்தில், பையன் தங்கம் என்று தரகர் வாக்குக் கொடுத்தார். தாய்மாமன் கொடுத்தார். பையனின் அக்கா மாதா படத்தின் முன் நின்று கொடுத்தாள். வாய் திறக்காதவன் மாப்பிள்ளை ஒருவன்தான். இப்போது சேரனின் பதிலை நான் எழுதினால், நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். அவனுக்காக நீங்கள் சொன்னால் நீங்களும்.

ஆகவே நீங்களும் நானும் சற்றுத் தள்ளி நிற்போம். சேரன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டான். அன்புச்செல்வி அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜெயம் ஏதோ சொல்ல வர, மகள் அவள் கையைப் பிடித்து அடக்குகிறாள்.

"அவரு சொல்லட்டும்மா."