தீபக்கின் முழங்கை

மகேந்திரனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. குளத்தங்கரையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் கொட்டாவி வந்துவிடும். கொட்டாவியின் பின்னாலேயே பசியும் வந்துவிடும். ஆனால் மீன் பிடிக்கிற கோலைச் செய்ய உட்கார்ந்தானோ, சோறு தண்ணி எதுவும் வேண்டாம். விஜயநகர் வீட்டில் காருக்கென்று கட்டிய ஷெட் ஒன்று உண்டு. அதில் கார் நின்றதே இல்லை. ஒரு நீள மேசை, சுவரில் வரிசையாக நூல்கண்டுகள், மூலையில் சாய்த்து வைத்த வெறும் கோல்கள், பிசின் வாசனை, இவ்வளவுதான். வாரமெல்லாம் வங்கியில் கடன் விண்ணப்பங்களோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை அந்த ஷெட்டுக்குள் நுழைந்தால் விசிலடிக்க ஆரம்பித்துவிடுவான்.

கடையில் விற்கிற தூண்டில்கோல் ரெடிமேட் சட்டை மாதிரி, எல்லாருக்கும் பொது. மகேந்திரன் செய்வது ஆளை அளந்து தைப்பது. கோலில் தூண்டில் நரம்பு சுற்றிய ரீல் மாட்டும் இடத்தை உள்ளங்கையில் பிடித்தால், பிடியின் பின்நுனி முழங்கையில் வந்து சரியாக முட்டவேண்டும். நீளம் கூடினால் விலாவில் குத்தும். குறைந்தால் மணிக்கட்டு வலிக்கும். அதனால் யார் கேட்டாலும் முதலில் ஒரு நூலை எடுத்து அவர் கையை அளப்பான். பிறகுதான் மற்றப் பேச்செல்லாம்.

அப்படி அவன் முதன்முதலில் அளந்தது சீனுவின் கையை. சீனு அவனுக்குச் சகலை. மனைவி பூங்குழலியின் தங்கை சௌம்யாவைக் கட்டியவன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். ஆள் பனைமர உயரம். கை அதற்கும் மேலே. பந்தியில் உட்கார்ந்தால் எதிர்வரிசை இலையிலிருந்து அப்பளம் எடுக்கலாம். இவன் செய்வான், அவன் பிடிப்பான், இரண்டு குடும்பமும் உட்கார்ந்து சாப்பிடும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வருஷம் ஒருநாள், பணம் கட்டி மீன் பிடிக்கிற தனியார் குளத்தில் சீனுவின் தூண்டிலில் பெரிய கட்லா ஒன்று மாட்டியது. கரைக்கு வரும் நேரத்தில் கோல் பட்டென்று ஒடிந்தது. மீன் போயிற்று, கோலின் நுனி போயிற்று. அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரமே ராமாபுரத்தில் மாமனார் வீட்டுக் கிடாவெட்டு. சொந்தபந்தம் எல்லாம் இலையில் உட்கார்ந்திருக்க, சீனு வாயைத் திறந்தான்.

"என்ற சகல செஞ்ச கோலுங்க. அதுக்கு முருங்கக் கொம்பு தேவலாம்."

பரிமாறிக்கொண்டிருந்த மகேந்திரன் குழம்பு வாளியைக் கீழே வைத்தான். "கோல வானத்தப் பாத்துத் தூக்குனா கடப்பாறையே ஒடியும். தண்ணியில இருக்கற மீனப் புடிக்கச் சொன்னா, ஆகாசத்துல கொக்குப் புடிக்கறாப்ல நின்னா நான் என்ன பண்ணட்டும்?"

பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. அன்றோடு சகலைகள் இருவருக்கும் பேச்சு அறுந்தது.

அக்கா தங்கைகளுக்கு ஏது சண்டை? சௌம்யா வழக்கம்போல வருவாள். சீனுதான் காரில் கொண்டுவந்து விடுவான். ஆனால் கேட்டுக்குள் கால் வைக்கமாட்டான். வெளியே புங்கமரத்தடியில் காரை நிறுத்தி, சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவான். பூங்குழலி காப்பியும் முறுக்கும் காருக்கே கொண்டுபோய்க் கொடுப்பாள், தெருவில் வந்து நிற்கிற உற்சவருக்குப் படைப்பதுபோல. மகேந்திரன் ஷெட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தும் பார்க்காதவனாக இருப்பான்.

ஆனால் உள்ளுக்குள் அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வேறு நாலு பேருக்குக் கோல் செய்து கொடுத்துப் பார்த்தான். "சூப்பர் சார்" என்று மெசேஜ் வரும், கூடவே ஒரு கட்டைவிரல். சீனு அப்படிச் சொல்கிற ஆளே இல்லை. "நுனி கொஞ்சம் சோம்பேறியா இருக்குதுங் சகல, மீன் கடிச்சா ஆற அமரத்தான் சேதி சொல்லுது" என்பான். அதைக் கேட்டு மகேந்திரன் ஒரு வாரம் தூங்காமல் யோசிப்பான். அந்தச் சுகம் கட்டைவிரலில் வருமா? சீனு இல்லாமல் அவனுக்கு முடியவில்லை, அதுதான் நிஜம். அதை யாரிடமும் சொல்லத்தான் வாய் வரவில்லை.

வாய் செய்யாததைக் கை செய்தது. மேசை விளிம்பில் சீனுவின் கையளவு பென்சில் கோடாக இன்னும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டை வைத்து கார்க் பிடியை வெட்டிவிட்டான். அப்புறம் கொள்ளேகாலில் வாங்கிய மயில்கழுத்து நிறப் பட்டுநூலை எடுத்து, நரம்பு ஓடுகிற ஒவ்வொரு வளையத்தையும் கோலோடு இழை இழையாகச் சுற்றிக் கட்டினான். யாருக்கு என்று மனைவி கேட்டதற்கு, பெங்களூரில் தீபக் என்று ஒருவர் ஆர்டர் கொடுத்திருக்கிறார் என்றான்.

பூங்குழலி பிடியின் நீளத்தைப் பார்த்தாள். "அந்தத் தீபக் நல்ல உசரமோ?"

"நான் பாத்ததில்ல."

"பாக்காம எப்புடிங்க கையளவு எடுத்தீங்க?"

"வாட்ஸ்அப்ல அனுப்புனாரு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். கோல் முடிந்ததும் அதை எப்படிச் சீனுவின் கையில் சேர்ப்பது என்று மகேந்திரனுக்கே தெரியாது. தானாகக் கொண்டுபோய் நீட்டினால் தோற்றதாக ஆகிவிடாதா? அதையும் இதையும் யோசித்தே கோல் கடைசி வேலைக்கு வந்துவிட்டது.

கடைசி வேலை பூச்சு. சுற்றிய நூலின்மேல் எபாக்ஸிப் பிசினைத் தடவினால் நூல் கண்ணாடிக்குள் வைத்ததுபோல மின்னும். ஆனால் தடவும்போது அது தேன் பதத்தில் இருக்கும். இறுகி முடியப் பாதிப்பகல் ஆகும். அதுவரை கோல் படுத்தவாக்கில் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கவேண்டும். நின்றால் பூச்சு ஒருபக்கமாக வழிந்து, சொட்டுச் சொட்டாகத் தொங்கிவிடும். சுற்றிய நூலெல்லாம் பாழ். இதற்காக மகேந்திரன் ஒரு மோட்டார் வைத்திருந்தான். ஏதோ ஒரு தசராவில் விளக்குச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த மோட்டார். பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஆடி அசைந்து, அம்பாரி யானை நடையில் சுற்றும்.

அந்த ஞாயிறு காலை ஒரு சொம்பு மோரும் அதன்மேல் இரண்டு டம்ளர் காப்பியும் குடித்துவிட்டு, பூச்சைக் கலந்து தடவி, மோட்டாரைப் போட்டான். சௌம்யா வந்து இறங்கினாள். அக்காவும் தங்கையும் பட்டுப்புடவை சரசரக்க உறவுக்காரப் பெண்ணின் சீமந்தத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். சீனு வழக்கம்போலப் புங்கமரத்தடியில். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியிருக்கும், மோட்டார் நின்றது. ஃபேனும் நின்றது.

எதிர்வீட்டு பசம்மா காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "லைன் ரிப்பேரியந்தே! சாயங்காலா தனகா கரண்ட் இல்லா!" என்று கன்னடத்தில் சாயங்காலம் வரை தீர்ப்பு எழுதிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

யூ.பி.எஸ். இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அதன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று பூங்குழலி உகாதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று எல்லா ஞாயிறும் ஷெட்டுக்கே போய்விட்டது. பேட்டரி எப்போதோ வறண்டு உயிரை விட்டிருந்தது.

மகேந்திரன் பதறிப்போய்க் கோலை மோட்டாரிலிருந்து கழற்றி, தாங்குகட்டையில் கிடத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிடியைக் கையால் சுழற்ற ஆரம்பித்தான். சுழற்றலாம், கஷ்டமில்லை. நிறுத்தத்தான் கூடாது. போன் வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. திறந்த ஷெட்டுக்கு நேர் எதிரே கார், காருக்குள் சீனு. சீனு போனைப் பார்ப்பவன்போல இவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் கோலைப் பார்ப்பவன்போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் மோர் தன் வேலையைக் காட்டியது. காப்பியும் கூடச் சேர்ந்துகொண்டது. மகேந்திரன் கால்மேல் கால் போட்டான். காலை மாற்றிப் போட்டான். வங்கியின் வட்டி விகிதங்களை நினைத்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஒருபக்கம் மானம், ஒருபக்கம் மயில்கழுத்துப் பட்டுநூல், நடுவில் அடிவயிறு. நெற்றியில் வேர்வை பூத்தது.

கடைசியில் தெருவைப் பார்த்துப் பொதுவாகக் குரல் கொடுத்தான். "யாராச்சும் இருந்தா கொஞ்சம் வர முடியுமா?"

சீனு கார் கண்ணாடியை இறக்கி, தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். ஒரு நாய் படுத்திருந்தது. "யாரக் கூப்புடறாப்ல?" என்று நாயிடம் கேட்டான்.

"கை காலியா இருக்கறவங்கள."

"என்ன சோலியாம்?"

"இதச் சுத்தோணும். நிறுத்தக் கூடாது. அவசரம்." மகேந்திரனின் குரல் கீச்சென்று போயிற்று. "ரொம்ப அவசரம்!"

அவன் இரண்டு முழங்கால்களும் ஒட்டிக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்ததும் சீனுவுக்கு விஷயம் புரிந்தது. காரிலிருந்து இறங்கி, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். ஒரு கை விடுவதற்குள் மறுகை பிடித்தது. கோல் நிற்கவில்லை. மகேந்திரன் வீட்டுக்குள் ஓடியதை ஓட்டம் என்று சொல்வதே குறைவு.

உள்ளே ஆசுவாசமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. பிடி! பிடி இப்போது சீனுவின் கையில் அல்லவா இருக்கிறது! தூண்டில் பிடித்துப் பழகியவன், கோலைச் சும்மாவா பிடிப்பான்? ரீல் மாட்டும் இடத்தில்தான் உள்ளங்கை போகும். அங்கே போனால் பின்நுனி நேராக முழங்கையில்...

ஓடிப்போன வேகத்தில் திரும்பி வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

சீனு ஸ்டூலில் உட்கார்ந்து கோலைச் சுழற்றிக்கொண்டிருந்தான். கார்க் பிடி அவன் கைக்கடியில் நீளமாகப் படுத்து, முழங்கையில் பொருந்தி நின்றது. ஒரு விரல்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சீனு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடு, நான் சுத்தறேன்" என்றான் மகேந்திரன்.

சீனு கொடுக்கவில்லை. "யாருக்கு இது?"

"தீபக்னு ஒருத்தரு. பெங்களூரு."

"ஓகோ." இரண்டு சுற்று சுற்றினான். "தீபக்குக்கு என்னையாட்டவே கையி நீளமாட்ட இருக்குது."

மகேந்திரன் தரையைப் பார்த்தான். இனி மறைத்து என்ன? ஆனாலும் முழுசாக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "ஆமா. அவருக்கும் கோல வானத்துக்குத் தூக்கற வியாதி. அதனால இந்தத் தடவ கனமான கோலா எடுத்திருக்கறேன். தூக்குனாலும் ஒடியாது."

சீனு நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபம் வருமா சிரிப்பு வருமா என்று தெரியாத ஒரு நிமிஷம். பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. சிரிப்பு எதிர்வீட்டு பசம்மாவை மறுபடி சுவருக்கு வரவழைத்துவிட்டது. அத்தனை சிரிப்பிலும் கை மட்டும் நிற்கவில்லை.

"அன்னைக்கு நான் தூக்கவே இல்லீங் சகல. கோல்தான் ஒடிஞ்சுது."

சகல! மகேந்திரனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அதைக் காட்டிக்கொள்ளாமல் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டான். "நீ தூக்குன. குளத்துக்காரனே சொன்னான்."

"அவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுங். கட்லா கல்லுக்கடியில போச்சு, நான் சாச்சுப் புடிச்சேன். நீங்க மூணாவது வளையத்துக்கிட்ட அரத்துல ராவுனப்ப கோல்ல கீறல் விட்டுட்டீங்."

"நானா? கீறலா?"

சண்டை முதலிலிருந்து ஆரம்பமாயிற்று. கிடாவெட்டுப் பந்தியில் பாதியில் நின்ற சண்டை அல்லவா, மிச்சம் நிறைய இருந்தது. இவன் சுற்றும்போது அவன் பேசினான். அவன் சுற்றும்போது இவன் பேசினான். யாரும் தோற்கவில்லை, யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. நடுவில் சீனு நுனியைச் சுண்டிப் பார்த்து, "இப்ப சோம்பேறித்தனம் இல்லீங்" என்றான். மகேந்திரனுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் என்றிருந்தது. அடுத்த ஞாயிறு எந்தக் குளம் என்பதில் புதிதாக ஒரு வாக்குவாதம் கிளம்பியது.

வெயில் சாய்ந்து ஸ்கூட்டர் வந்து நின்றது. தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலுமாக இறங்கிய இருவரும் ஷெட்டைப் பார்த்து அப்படியே நின்றார்கள். உள்ளே குழல்விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. சகலைகள் இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து கோலைக் கையால் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் பக்கத்திலேயே சும்மா கிடந்தது.

"ஏனுங்க, கரண்ட் எப்ப வந்துச்சு?" என்றாள் பூங்குழலி.

"கவனிக்கல" என்றான் மகேந்திரன். ஃபேன் காற்றில் அவன் தலைமுடி பறந்துகொண்டிருந்தது.

சௌம்யா புருஷனைப் பார்த்தாள். "நேரமாச்சு, கெளம்பலாமுங்களா?"

சீனு நிமிரக்கூட இல்லை. "பூச்சு இன்னும் காயல. நீ வேணும்னா போயி கார்ல உக்காரு."

பூங்குழலி தங்கையின் தோளில் கை போட்டாள். "போ கண்ணு. காப்பியும் முறுக்கும் நான் காருக்கே கொண்டாந்து குடுக்கறேன்."