மலையிறக்கத்தில் இரண்டு மஸ்டாங்

"இந்தப் பெயரை மட்டும் போட்டால், அவர் வேலை செய்த பிரான்காச்சோவில் ஒருவருக்கும் ஆள் பிடிபடாது, சிஞ்ஞொரீனா," என்று சொல்லி, சவப்பெட்டிக் கடைக்காரர் தாளை அமலினியின் பக்கம் திருப்பி வைத்தார்.

சுவர்களில் ஒட்டுவதற்கான மரண அறிவித்தலின் மாதிரி அது. சுற்றிவரக் கறுப்புக் கோடு, மேலே சிலுவை, நடுவில் அவளுடைய தகப்பனின் முழுப்பெயர்: சவரிமுத்து எமிலியானுஸ். வயது அறுபத்திரண்டு. பூசை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. தெருவில் அவரை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று கடைக்காரர் கேட்டார். பலெர்மோவில் அதையும் சேர்த்துப் போடுவதுதான் வழக்கம்.

அமலினி பேனையை வாங்கித் தகப்பனின் பெயருக்குக் கீழே எழுதினாள். எமிலியோ லாமெரிக்கானோ.

பக்கத்துக் கதிரையில் இருந்த தாய் றோசமலர் எட்டிப் பார்த்தார். இத்தாலியன் எழுத்து அவருக்கு மெதுவாகத்தான் ஓடும். வாசித்து முடித்ததும் முகம் மாறியது.

"அமெரிக்கன் எண்டோ எழுதினனீ? அந்த மனுசன் அமெரிக்காவைக் கண்டதோ? சனம் சிரிக்கப்போகுது பிள்ளை."

"ஒருத்தரும் சிரிக்காயினம் அம்மா. இஞ்சை அப்பாவுக்கு அதுதான் பேர்."

அந்தப் பெயர் வந்த கதை றோசமலருக்கும் தெரியும். மன்னாரில் லொறி திருத்திக்கொண்டிருந்த எமிலியானுஸ் தொண்ணூற்றொன்றில் பலெர்மோவுக்கு வந்து, லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு வழக்கறிஞரின் வீட்டில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டின் நிலக்கீழ் அறையில், துணி போர்த்தியபடி ஒரு கார் பதினொரு வருடமாக ஓடாமல் நின்றது. அறுபத்தேழாம் ஆண்டு அமெரிக்காவில் செய்த மஸ்டாங். கடும் நீலம். நிலம் கூட்டப் போனவர் ஒருநாள் துணியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அனுமதி கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழற்றிப் பூட்டத் தொடங்கினார். தொண்ணூற்று நாலில் அது சத்தத்தோடு தெருவுக்கு ஏறியது. அடுத்த வாரமே, எல்லோரும் அவ்வொகாத்தோ என்று அழைக்கும் அந்த வழக்கறிஞர், அவரைப் பிரான்காச்சோவில் தோத்தோ என்பவனின் கார் திருத்தும் கராச்சுக்குத் தானே கூட்டிக்கொண்டு போய் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு பலெர்மோவில் பழைய அமெரிக்கன் கார் வைத்திருக்கிறவர்களுக்கு வேறு மெக்கானிக் இல்லை என்று ஆகிப்போனது.

கடையை விட்டு வெளியே வந்ததும், அவ்வொகாத்தோவுக்குச் சொல்லியாயிற்றா என்று றோசமலர் கேட்டார்.

"இல்லை," என்றாள் அமலினி. "சொல்லவும் மாட்டன்."

மகளின் கோபம் எங்கே தொடங்கியது என்று றோசமலருக்குத் தெரியும். ஆனால் அன்று மலையில் நின்றது அமலினிதான்.

அது போன வருடம், 2016 ஒக்ரோபர் மாதம். அவ்வொகாத்தோவின் மகன் ஃபப்ரீசியோ அதே மஸ்டாங்கின் புது மொடலை, அதே கடும் நீலத்தில் வாங்கியிருந்தான். பழைய கார்க்காரர்கள் பன்னிரண்டு பேர் ஒரு ஞாயிறு காலை இரண்டையும் மொன்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏற்றி, புனித றொசலியாவின் குகைக் கோயிலுக்குக் கிட்ட பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். எது மேல் என்று அன்றைக்கு முடிவு கட்டுவதாகப் பேச்சு.

இரண்டுக்கும் ஒரே நீண்ட மூக்கு. பின்னால் இரண்டு பக்கமும் நெட்டையாக மும்மூன்று விளக்குகள். முன்னால் அதே ஓடும் குதிரை. ஆனால் பழசு புதுசுக்குப் பக்கத்தில் இளைத்துப்போன ஆள் மாதிரித் தெரிந்தது. புதுசு தாத்தாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்த கொழுத்த பேரன் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பொத்தானை அமத்தி ஸ்ராட் செய்கிறது கார் இல்லை, கைத்தொலைபேசி என்றார் இன்னொருவர். பழசின் கதவைச் சாத்தும் சத்தத்தைக் கேட்பதற்கென்றே மாறி மாறித் திறந்து சாத்தினார்கள். புதுசுக்கு வலு இரண்டு மடங்கு என்று ஃபப்ரீசியோ சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் அவ்வொகாத்தோ கையை உயர்த்தி, எமிலியோ சொல்லட்டும் என்றார். அவருடைய முகத்தில் பதில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

எமிலியானுஸ் இரண்டையும் கீழே ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். சுவாசப்பையில் நோய் என்று மூன்று கிழமைக்கு முன்தான் தெரியவந்திருந்தது. வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தப் பயத்தில் அமலினி இரண்டு தடவையும் அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

முதலில் பழசு. மலையிறக்கத்தில் வளைவுக்கு வளைவு அவர் கியரைக் குறைத்தார், ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் திருப்பினார், பிறேக்கை மிதித்து விட்டு மிதித்து விட்டு இறங்கினார். அரைவாசியில் பிறேக் சூடேறிய மணம் உள்ளே வந்தது. ஓரமாக நிறுத்தி, ஐந்து நிமிடம் ஆறவிட்டுத் திரும்ப எடுத்தார். கீழே வந்து சேரும்வரை மகளோடு ஒரு சொல்லுக் கதைக்கவில்லை. நெற்றி வேர்த்திருந்தது.

பிறகு புதுசு. அதே றோட்டு, அதே வேகம். இரண்டாவது வளைவு தாண்டியதுமே அவர் கதைக்கத் தொடங்கினார். கடல் அன்றைக்கு என்ன நிறம் பார் என்றார். மத்தியானம் அம்மா கணவாய்க் கறி வைத்திருப்பாள் என்றார். கிளினிக்கில் வேலை எப்படிப் போகிறது, அந்தப் புது டொக்ரர் நல்ல மனிசனோ என்று விசாரித்தார். அடிவாரம் வந்ததே அமலினிக்குத் தெரியவில்லை.

திரும்ப மேலே வந்து, சாவியை ஃபப்ரீசியோவின் கையில் கொடுத்துவிட்டு எமிலியானுஸ் சொன்னார்:

"புதுசுதான் நல்ல கார்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று அவ்வொகாத்தோ கேட்டார்.

"பழசு வடிவு. ஆனால் அதற்கு ஒரு எமிலியோ வேண்டும். இதற்கு வேண்டாம்."

"இருபத்திரண்டு வருடம்," என்றார் அவ்வொகாத்தோ. குரல் சற்று உயர்ந்தது. "ஒரு நாளாவது அது என்னைக் கைவிட்டிருக்கிறதா?"

எமிலியானுஸ் அந்தப் பழைய காரைப் பார்த்தார். "இல்லை, அவ்வொகாத்தோ," என்றார்.

திரும்பி வரும்போது அமலினி பொறுக்க முடியாமல் கேட்டாள். வெள்ளிக்கு வெள்ளி அந்தக் காரை உயர்த்தி, ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தது யார், அதை ஏன் அந்த மனிசனுக்குச் சொல்லவில்லை?

"அவர் அந்தக் காரிலை சந்தோசமா ஓடித்திரிஞ்சவர்," என்றார் எமிலியானுஸ். "அதை ஏன் கெடுப்பான். ஆனா எது நல்லதெண்டு கேட்டா, பொய் சொல்லேலாது பிள்ளை."

அடுத்த வெள்ளிக்கிழமை பழைய மஸ்டாங் கராச்சுக்கு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. மாரியில் எமிலியானுஸ் வேலைக்குப் போவதை நிறுத்திய பிறகும், வெள்ளிக்கிழமைகளில் தோத்தோவுக்குப் போன் எடுத்து, கார் வந்ததா என்று மட்டும் விசாரிப்பார். மே மாதம், அவருடைய கடைசி நாளும் ஒரு வெள்ளியாக அமைந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். அல்பெர்கேரியாவில் அவர்களுடைய நாலாம் மாடி அறைக்குள் சந்தைச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. போனைத் தூக்க அவருக்குக் கையில் பலமில்லை.

"வந்ததோ?" என்று கேட்டார்.

அமலினி தோத்தோவுக்கு எடுத்துக் கேட்டாள். "இல்லை அப்பா."

"ம்," என்றார். பதினொரு மணிக்கு மூச்சு நின்றது.

திங்கட்கிழமை, ஒடுங்கிய படிக்கட்டால் பெட்டியைச் சரித்துச் சரித்து இறக்கினார்கள். ஒழுங்கைக்குள் பிரேத வண்டி வராது என்றபடியால் கோயில்வரை தோளிலே காவிக்கொண்டு போனார்கள். முன்னால் தோத்தோவும் மன்னார்ப் பொடியன்கள் இரண்டு பேரும். பல்லாரோச் சந்தையில் மீன்காரர்கள் கூவுவதை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார்கள். சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலுக்கு முன்னால் ஒரு கிழவர் விரலால் தொட்டு வாசித்துக்கொண்டு நின்றார். றோசமலர் அதைக் கண்டார். கிழவர் சிரிக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது கோயிலுக்கு முன்னாலிருந்த சதுக்கம் மாறிப்போயிருந்தது. பழைய அமெரிக்கன் கார்கள் ஏழு, பிரேத வண்டிக்குப் பின்னால் வரிசையாக நின்றன. சிவப்பு, கறுப்பு, வெள்ளைக் கோடு போட்ட மஞ்சள். எல்லாம் கழுவித் துடைத்திருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சொந்தக்காரர்கள் கறுப்பு உடுப்பில் நின்றார்கள்.

"இதெல்லாம் ஆற்றை கார்?" என்று றோசமலர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்பா பாத்த கார்."

"எல்லாமோ?"

"ஓம் அம்மா."

றோசமலர் முதலாவதிலிருந்து ஏழாவது வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சால்வையைச் சரிசெய்து நிமிர்ந்து நின்றார். இருபத்தாறு வருடத்தில் அந்த நகரத்தின் தெருவில் தாய் அப்படி நின்று அமலினி கண்டதில்லை.

பெட்டியை வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்து எழுந்து வந்த ஒரு வயோதிபர் அமலினிக்கு முன்னால் வந்து நின்றார். அவ்வொகாத்தோ. தொப்பி கையில் இருந்தது. பின்னால் ஃபப்ரீசியோ. சதுக்கத்தின் மூலையில் புது மஸ்டாங் நிற்பதை அமலினி அப்போதுதான் கவனித்தாள். பழசைக் காணவில்லை.

"நான் உங்களுக்கு அறிவிக்கவில்லை," என்றாள்.

"தெரியும். சுவரில் வாசித்தேன்."

அவர் நடந்ததைச் சொன்னார். மார்ச் மாதம் தனியாகப் பழைய காரில் மலைக்குப் போயிருக்கிறார். ஐந்து மாதமாக ஒருவரும் அதை உயர்த்திப் பார்க்கவில்லை. இறக்கத்தில் அரைவாசி வந்தபோது, மிதிக்க மிதிக்க வேகம் குறையவில்லை. சுவரோரம் உரசித்தான் நிறுத்த முடிந்தது. அங்கேயே இருந்து மகனைக் கூப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் கார் துணிக்குக் கீழே நிற்கிறது.

"இருபத்திரண்டு வருடமும் நான் அந்தக் காரைப் பற்றிப் பெருமை பேசினேன்," என்றார் அவ்வொகாத்தோ. "உன் தகப்பனைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். எனக்கது தெரியவில்லை."

"மார்ச்சில் அவர் உயிரோடு இருந்தார்."

"உங்கள் கீழ்வாசல்வரை வந்தேன். மணியை அமத்தவில்லை. வெட்கமாக இருந்தது."

சொல்ல வேண்டாம் என்றுதான் அமலினி நினைத்திருந்தாள். ஆனால் வாய் சொல்லிவிட்டது. "வெள்ளிக்கிழமை காலை, உங்கள் கார் வந்ததா என்று கேட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"இல்லை என்றேன்."

அவ்வொகாத்தோ தலையை ஆட்டினார். கண்ணீரைத் துடைக்கவில்லை, அது வழிந்தபடியே இருந்தது.

அந்தாள் என்ன சொல்கிறார் என்று றோசமலர் மகளைக் கேட்டார். அமலினி சுருக்கமாகச் சொன்னாள். மார்ச்சில் மலையில் நடந்ததையும், அவர் கீழ்வாசல்வரை வந்து திரும்பியதையும். றோசமலர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சதுக்கத்தின் மூலையைப் பார்த்தார்.

"அப்பா நல்லதெண்டு சொன்ன கார் அதோ?"

"ஓம்."

"அப்ப அதிலை போவம். கேள்."

அடக்கம் செய்யச் சேமக்காலைக்கு அமலினியின் சின்னக் காரில் போவதாகத்தான் ஏற்பாடு. அமலினி தயங்கிவிட்டு ஃபப்ரீசியோவிடம் கேட்டாள். அவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். முன் சீற்றில் றோசமலரை இருத்தினார்கள். பின்னால் இடம் குறைவு. எழுபத்தாறு வயது அவ்வொகாத்தோ முதுகைக் குனிந்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து ஒரு பக்கம் ஒடுங்கினார். மற்றப் பக்கம் அமலினி.

பிரேத வண்டி நகர்ந்தது. முன்னால் நின்ற முதல் காரின் எஞ்சின் இயங்கியது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. கிழட்டுக் கார்கள், ஒவ்வொன்றும் நாற்பது ஐம்பது வயது. ஏழும் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டன. ஒன்றுகூட இருமவில்லை. கோயில் சுவர்களில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. தோத்தோ பிரேத வண்டிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, விரல்விட்டு ஏழு என்று காட்டினான். அமலினி தலையசைத்தாள்.

ஃபப்ரீசியோ பொத்தானை அமத்தினான். றோசமலர் தன்னுடைய சீற்றுப் பட்டியை இழுத்துப் பூட்டிவிட்டுப் பின்னால் திரும்பினார்.

"சிந்தூரா, அவ்வொகாத்தோ," என்று பட்டியைப் பூட்டச் சொன்னார், வேலை வீட்டில் பழகிய இத்தாலியனில்.

கிழவர் பட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தோளுக்குப் பின்னால் தடவினார். அமலினி எட்டி, இழுத்து, அவர் கையில் கொடுத்தாள். அது பூட்டும் சத்தம் கேட்கும்வரை றோசமலர் திரும்பியபடியே இருந்தார். பிறகு முன்னால் பார்த்துக்கொண்டு, போகலாம் என்று கையால் காட்டினார்.