ஒரே எண்ணில் இரண்டு பேர்

மருத்துவமனைக்குத் தனியாகப் போக முடியாதவர்களை வேனில் அழைத்துப்போகும் ஒரு சிறு அமைப்புக்கு இணையதளம் எழுதிக் கொடுத்தவள் குருவி. குரல் அவ்வளவு மெல்லியது என்பதால் அலுவலகமே அவளை அப்படித்தான் கூப்பிடும்.

தளத்தில் மூன்று பக்கங்கள்: யார், எப்போது, எந்தச் சிகிச்சைக்கு. தளத்தை இயக்கும் சர்வர் கணினிக்கு ஞாபகமே கிடையாது. ஒவ்வொரு பக்கம் வரும்போதும் அனுப்பியவர் அதற்குப் புது ஆள்தான். அதனால் ஒருவர் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் அவருடைய தொலைபேசி எண்ணின் பேரில் ஓரிடத்தில் சேர்த்து வைக்கும்படி குருவி எழுதியிருந்தாள். வெகுநாள் ஒரு குறையும் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வேன் ஓட்டுநர் கூப்பிட்டார்.

"குருவி, ஒரு வீட்டு வாசல்ல நிக்கிறேன். அக்கா தங்கச்சி ரெண்டு பேர். எனக்கு வந்திருக்கிறது தங்கச்சி பேரு மட்டும்தான், முழங்கால் பயிற்சிக்கு. அந்த அக்காவோ, நானும்தான் டயாலிசிஸுக்குப் பதிஞ்சேன்ங்கிறாங்க. வேன்ல ஒரு சீட்டுதான் பாக்கி. இதுல சண்டை வேற!"

சண்டை போனிலேயே கேட்டது.

"நான் போட்டதை அழிச்சிட்டு உன்னுதைப் போட்டுக்கிட்டல்ல? சின்ன வயசுலேருந்தே உனக்கு இதே புத்தி!"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாரு!"

அக்காவை அந்த வேனிலேயே ஏற்றச் சொல்லிவிட்டு, தங்கைக்கு ஒரு டாக்ஸி அனுப்பினாள் குருவி. பிறகு சர்வரின் பதிவுகளைத் திறந்தாள். முந்தின நாள் மாலை, ஒரே வீட்டிலிருந்து, ஒரே எண்ணில், ஒரு போனும் ஒரு டேப்லெட்டும் மாறி மாறித் தளத்துக்குத் தகவல் அனுப்பியிருந்தன. அக்கா இரண்டு பக்கம் முடித்திருந்த நேரத்தில், தங்கை முதல் பக்கத்தைத் தொடங்கியிருக்கிறார். அக்கா சொன்னதன் மேலேயே தங்கை சொன்னது போய் உட்கார்ந்துவிட்டது. இருவருக்குமே 'பதிவாகிவிட்டது' என்று பதில் போயிருந்தது.

சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தச் 'சின்ன வயசுலேருந்தே' அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. மாலையில் நேரில் போனாள்.

தங்கைதான் கதவைத் திறந்தார். அக்கா சோபாவில், சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"அம்மா, இவங்க எதையும் அழிக்கல," என்றாள் குருவி. "ஒரு எண்ணுன்னா ஒரே ஆள்தான்னு நெனச்சு ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டி வச்சுட்டேன். தப்பு என்னோடது."

அக்கா மெல்லத் திரும்பினார். பிறகு தங்கையிடம், "வந்த பொண்ணுக்கு டீ கொடுத்தியா?" என்றார்.

"எனக்கும் வேணும்னு நேராக் கேளேன்," என்று முனகிக்கொண்டே தங்கை அடுப்பைப் பற்ற வைத்தார்.

அந்த வாரமே குருவி மாற்றி எழுதினாள். ஒரே எண்ணாக இருந்தாலும், யார் புதிதாகப் பதியத் தொடங்கினாலும் அவருக்கென்று ஒரு தனிப் பெட்டி, தனிச் சாவி. ஒருவர் சொன்னது இன்னொருவருடையதில் கலக்காது. நிம்மதியாக இருந்தாள், அக்கா போன் பண்ணும் வரை.

"கண்ணு, இப்ப அவ போட்டது எனக்குத் தெரிய மாட்டேங்குதே. ஒண்ணாப் போலாம்னு பாத்தா, நான் பத்து மணிக்குப் போட்டிருக்கேன், அவ பதினொண்ணுக்குப் போட்டிருக்காளாம்."

"கலந்துடக் கூடாதுன்னுதாம்மா பிரிச்சேன்."

"பிரிச்சது சரி. மறைக்கச் சொன்னோமா?"

குருவிக்குச் சிரிப்பு வந்தது. சரிதானே என்றும் பட்டது. இருவரும் சம்மதித்தால் ஒருவர் பதிந்ததை மற்றவர் பார்க்கலாம், ஆனால் கைவைக்க முடியாது என்று இன்னொரு முறை மாற்றினாள்.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் ஒரே வேனில் போனார்கள். ஜன்னலோர சீட் யாருக்கு என்பதில் புதிதாகத் தகராறு. அதையும் தளத்தில் சேர்க்கச் சொல்லி இருவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். குருவி முடியவே முடியாது என்றுவிட்டாள்.